ஓடாமல் நிற்குமா, நிற்காமல் ஓடுமா? திருகோணமலையில் கார் டயரும் உதிரிப்பாகமும் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

திருகோணமலை நகரத்தில் உதிரிப்பாகக் கடைக் கவுண்டரில் நிற்பது எனக்கு இது 17ஆவது வருஷம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருஷமும் ஊரில் இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் இன்றும் 10, 15 வயது தாண்டிய கார்கள்தான் கண்ணில் அதிகம் படுகின்றன. எந்தப் பாகம் வாங்குவது, எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது என்று நாள்தோறும் கேட்கிறார்கள். ஆள் நெருக்கத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாக எழுதுகிறேன். விலை எதுவும் எழுதவில்லை. அது டொலரோடு ஏறி இறங்குவது. எழுதிய கிழமையே பழசாகிவிடும்.

ஜெனுயின், ஓஇஎம், ஆஃப்டர்மார்க்கெட் என்று சொல்கிறீர்களே, இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கார் கொம்பனி தன் காரின் பாகங்களில் பெரும்பகுதியைத் தானே செய்வதில்லை. டொயோட்டாவின் பிளக்கையும் சென்சரையும் டென்சோ செய்கிறது, வோட்டர் பம்பை ஐசின் செய்கிறது, ஷொக்கைக் கேவைபி செய்கிறது. அதே பொருள் டொயோட்டா பெட்டியில் வந்தால் ஜெனுயின். செய்தவனின் சொந்தப் பெட்டியில் வந்தால் ஓஇஎம். பல நேரம் இரண்டும் ஒரே தொழிற்சாலையில் பிறந்த அண்ணன் தம்பிதான், பெட்டிக்காகத்தான் கூடுதல் காசு.

ஆஃப்டர்மார்க்கெட் என்பது, அந்தக் காருக்கு முதலில் பாகம் கொடுக்காத வேறொரு கொம்பனி அதே அளவில் செய்வது. அதில் நல்லவை உண்டு. ஸ்டியரிங், போல் ஜொயின்ட் சாமான்களுக்கு 555, வோட்டர் பம்புக்கு ஜிஎம்பி, பில்டருக்கு விக், சக்குரா என்று நான் பயமில்லாமல் எடுத்துக் கொடுக்கும் பெயர்கள் இருக்கின்றன. பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டிகளும் இந்தச் சொல்லுக்குள்தான் வருகின்றன. இவை எல்லாவற்றுக்கும் வெளியே, நல்ல கொம்பனியின் பெட்டியைக் கள்ளமாக அச்சடித்து வருகிற போலி ஒன்று இருக்கிறது. மலிவான பாகம் வேறு, போலிப் பாகம் வேறு. மலிவானது தான் யாரென்று சொல்லிக்கொண்டு வருகிறது, போலி அப்படி வருவதில்லை.

அப்ப எல்லாத்துக்கும் ஜெனுயின்தான் போடவேணுமா? கட்டுப்படியாகாதே.

தேவையில்லை. நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: இந்தப் பாகம் போனால் கார் ஓடாமல் நிற்குமா, நிற்காமல் ஓடுமா?

ஓல்டர்னேட்டர் பெல்ட், பிளக், பெற்றோல் பம்ப், ஸ்டாட்டர் எல்லாம் போனால் கார் ஓடாமல் நிற்கும். வேலை கெடும், வெயிலில் காய்வீர்கள், கயிறு கட்டி இழுப்பீர்கள். அவ்வளவுதான். இவற்றில் நல்ல ஆஃப்டர்மார்க்கெட் தாராளமாகப் போடலாம்.

பிரேக் பேட், பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், போல் ஜொயின்ட், ரொட் எண்ட், வீல் பேரிங், டயர் போனால் கார் நிற்காமல் ஓடும், அல்லது நீங்கள் திருப்பும் பக்கம் போகாது. இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். காசு போதாவிட்டால் சீட் கவர், ஸ்பீக்கர், அலோய் ரிம் எல்லாம் அடுத்த வருஷத்துக்குப் போகட்டும்.

இடையில் ஒன்று. ரேடியேட்டரும் டைமிங் செயினும் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவைதான், ஆனால் போகும்போது எஞ்சினையும் கூட்டிக்கொண்டு போகும். அவற்றுக்கும் கொஞ்சம் மேலே செலவழிக்கலாம்.

கடைக்கு வந்து என்ன சொல்லிக் கேக்கிறது?

“ஆக்சியோவுக்கு பிரேக் பேட் தாங்க அண்ணா” என்றால் நான் பத்துக் கேள்வி கேட்பேன். ஆக்சியோ 141 வேறு, 161 வேறு, ஹைபிரிட்டாக வந்த 165 வேறு. வேகன் ஆரில் எம்எச் 34, 44, 55 என்று மூன்று வகை இங்கேயே ஓடுகிறது. வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே பாகங்கள் மாறும்.

சசி நம்பரைக் கொண்டுவாருங்கள். பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள சுவரில் ஒரு சிறு தகடு இருக்கும், சில கார்களில் கதவுத் தூணில் இருக்கும். அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாழ்நாளுக்கும் உதவும். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த கார்களுக்கு 17 இலக்க எண் கிடையாது. என்.இசட்.இ 141 என்பதுபோல மொடல் குறி, ஒரு கோடு, அதன்பின் 6 அல்லது 7 இலக்கம். வெளிநாட்டு இணையக் கடைகளில் 17 இலக்கம் கேட்டுத் தடுமாறுபவர்களுக்குக் காரணம் இதுதான்.

பழைய பாகத்தைக் கழற்றியிருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். எண்ணெய் வடிந்தாலும் பரவாயில்லை, பேப்பரில் சுற்றி வாருங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற காலம் போய்விட்டது. இப்போது பெட்டியை நன்றாகவே அடிக்கிறார்கள். சாமானைக் கையில் எடுங்கள்.

பிளக் என்றால் மரையைப் பாருங்கள். நல்ல பிளக்கில் அது மினுமினுப்பாக, நகத்தால் ஓட்டினால் எங்கும் தட்டாமல் போகும். போலியில் வெட்டின தடம் சொரசொரக்கும். வெள்ளைப் பீங்கானில் எழுத்து கூர்மையாக இருக்கவேண்டும். அடியிலுள்ள வாஷர் கையால் சுற்றிக் கழற்ற வந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள். நான்கு பிளக் வாங்கினால் நான்கையும் வரிசையாக நிறுத்தி முனையின் இடைவெளியைப் பாருங்கள். நான்கும் நான்கு விதமாக நின்றால் அது போலி, அல்லது யாரோ விழுத்திய சாமான்.

போல் ஜொயின்ட் என்றால் நிறையைப் பாருங்கள். ஒரு நாள் ஒரு தம்பி வேறெங்கோ வாங்கிய ஒன்றைக் கொண்டுவந்து, “அண்ணா, இது ஏன் பிட் ஆகுதில்லை?” என்று கேட்டார். அதே இலக்கத்துக்குரிய நல்லதை எடுத்து இரண்டையும் அவர் கைகளிலேயே வைத்தேன். முகம் மாறிவிட்டது. ஒன்று இரும்பு, மற்றது வெறும் கோதுபோல. குமிழை விரலால் அசைத்தபோது நல்லது இறுக்கமாக, ஒரே சீராக அசைந்தது. மற்றது ஓரிடத்தில் சிக்கி, ஓரிடத்தில் தொளதொளத்தது. ரப்பர் மூடிக்குள் கிறீஸே சரியாக இல்லை. அந்தக் காரில்தான் அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றுகிறார்.

ஒயில் பில்டரின் வாய்க்குள் பாருங்கள். சுற்றியிருக்கும் சிறு ஓட்டைகளுக்குப் பின்னால் ஒரு ரப்பர் மடிப்புத் தெரியவேண்டும். எஞ்சின் நின்றபின் ஒயில் வடிந்து போகாமல் பிடித்துவைக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் காலையில் ஸ்டாட் பண்ணியதும் எஞ்சின் சில விநாடிகள் ஒயில் இல்லாமல் சுற்றும்.

பிரேக் பேட்டில் எதைப் பார்க்க வேணும்?

பல பேட்களின் முதுகுத் தகட்டிலோ ஓரத்திலோ சேர்ந்தாற்போல இரண்டு எழுத்து அடித்திருக்கும்: எஃப்எஃப், ஜிஎஃப், இஇ என்று. பேட் எவ்வளவு பிடிக்கும் என்பதன் குறி அது. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது நன்றாகச் சூடானபின். இ என்றால் உராய்வு 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதை விட இறங்கினால், நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வரும்போது பிடி குறையும். எங்கள் ஊர் சமதரை, பரவாயில்லை. நுவரெலியாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர் இதைப் பார்க்கத்தான் வேண்டும்.

பேட்டில் பஞ்சு, அதாவது டிஸ்க்கில் உராய்கிற பகுதி, 3 மி.மீ. அளவுக்கு வந்தால் மாற்றுங்கள். டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கிறீர்கள் என்றால், இதற்குமேல் மெலியக்கூடாது என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதை மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள். புதுப் பேட் போட்ட முதல் 200, 300 கி.மீ. வரைக்கும் திடீரென்று ஓங்கி மிதிக்காமல் பதமாக ஓட்டுங்கள்.

பிரேக் ஒயில் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டிஓடி 3 என்ற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டிஓடி 4இல் 230, 155. கடலோரத்தில் இருக்கிற நாங்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். புதுப் பேட்டுக்குக் கொடுக்கிற காசோடு பார்த்தால் இது ஒன்றுமேயில்லை.

ஷொக் ஒண்டுதான் லீக், அதை மட்டும் மாத்தலாமா?

முன் இரண்டையும் சேர்த்து, அல்லது பின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழசு என்றால் பிரேக் மிதிக்கையில் கார் ஒரு பக்கம் அமுங்கும். ரொட் எண்ட், கீழ் ஆர்ம் மாற்றினால் அன்றைக்கே வீல் எலைன்மென்ட். பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்களின் டயர் உள்விளிம்பு மாத்திரம் கம்பி தெரியத் தேய்ந்து வந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஜப்பான் யூஸ்ட் சாமான் எடுக்கலாமா?

கதவு, பக்கக் கண்ணாடி, பம்பர், ஹெட்லைட், கதவுக் கண்ணாடி மோட்டர், இருக்கை: தாராளமாக. மலிவான புதுப் பம்பரை விட ஜப்பானில் கழற்றிய பழசு நன்றாகப் பொருந்தும். ஸ்டியரிங் ரக், கியர்பொக்ஸ் எடுத்தால் எழுத்தில் உத்தரவாதம் வாங்குங்கள், மொடல் குறியைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

போல் ஜொயின்ட், பிரேக் ஹோஸ், சீட் பெல்ட், எயர்பேக் இந்த நான்கையும் பழசில் எடுக்கவே வேண்டாம். எயர்பேக் பற்றி இன்னொன்று. டகாட்டா கொம்பனி செய்த எயர்பேக்குகளின் கதை உலகறிந்தது. அந்தக் கொம்பனி 2017இல் வங்குரோத்தானது. அதற்குள் இருந்த அமோனியம் நைத்திரேற்று வருஷக்கணக்கில் வெக்கையும் ஈரமும் பட்டுக் கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டுகளைத் தெறிக்கவைத்தது. வெக்கையும் ஈரமும் எங்கள் ஊரில் தாராளம். பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் சசி நம்பரை அந்தக் கார் கொம்பனியின் முகவரிடம் கொடுத்து, திருப்பி அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள்.

டயரில் இருக்கிற இலக்கமெல்லாம் என்ன?

ஆக்சியோவுக்கு வழக்கமாக வருவது 175/65 ஆர் 15 84 எஸ். அகலம் 175 மி.மீ. அந்த அகலத்தில் 65 வீதம் பக்கச் சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் அங்குலம். இவ்வளவையும் எல்லாரும் பார்க்கிறார்கள். கடைசியில் இருக்கிற 84ஐயும் எஸ்ஸையும் யாரும் பார்ப்பதில்லை.

84 என்றால் ஒரு டயர் 500 கி.கி. தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரை, டி 190, எச் 210. வேகம் எங்கள் வீதிக்குப் பெரிய விஷயமில்லை, பாரம் பெரிய விஷயம். கிண்ணியாவிலிருந்து வான் ஓட்டுகிற ஒரு நானா, டொயோட்டா கேடிஎச் வானுக்கு மலிவாகக் கிடைத்தது என்று நான்கு டயர் கொண்டுவந்து காட்டினார். அளவு 195/80 ஆர் 15, அச்சொட்டாகச் சரி. ஆனால் வானுக்கு வரவேண்டிய பாரக் குறி 107, அதாவது 975 கி.கி. அவர் கொண்டுவந்ததில் 96, அதாவது 710. சிறிய ஜீப்புகளுக்கு வருகிற டயர் அது. ஒரு டயருக்கு 265 கி.கி. குறைவு, நான்குக்கும் சேர்த்து ஒரு தொன்னுக்கு மேல். நிலாவெளியிலிருந்து உல்லாசப் பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவுக்கு ஓடுகிற வான். “நல்ல காலம் நானா, பூட்டமுதல் கொண்டுவந்தீங்க” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்.

புதுக் குறி பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறையக்கூடாது.

கொஞ்சம் அகலமான டயர் போட்டால் நல்லம்தானே?

மொத்த உயரம் மூல அளவிலிருந்து 3 வீதத்துக்கு மேல் மாறாமல் பாருங்கள். 175/65 ஆர் 15இன் உயரம் 608.5 மி.மீ. 185/60 ஆர் 15 போட்டால் 603, ஒரு வீதம்கூட மாறவில்லை. 195/65 ஆர் 15 போட்டால் 634.5, நான்கு வீதத்துக்கு மேல் கூடிவிட்டது. மீற்றர் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 104இல் போய்க்கொண்டிருப்பீர்கள், திருப்பும்போது மட்கார்ட்டிலும் உரசலாம். அகலம் கூடினால் பெற்றோலும் கூடும், மழைத் தண்ணீரில் மிதக்கிற குணமும் கூடும். நான் மூல அளவையே போடச் சொல்வேன்.

டயர் புதுசா பழசா எண்டு எப்படித் தெரியும்? பூ நல்லா இருக்கே.

பூவை, அதாவது டயரின் மேல் வெட்டுகளைப் பார்த்து ஏமாந்தவன் நான். கடையில் சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டுக் காருக்கு ஒரு இடத்தில் மலிவாக நான்கு டயர் எடுத்தேன். கறுப்பாக மினுங்கின, சிறு ரப்பர் முட்கள்கூட உதிரவில்லை. சில மாதம் கழித்து, கச்சான் காற்று அனலாக அடிக்கிற ஒரு நண்பகலில், கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ‘தப் தப்’ என்று அறைகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. எப்படியோ புல் ஓரத்தில் நிறுத்தினேன். பின்சீட்டில் அப்பா. இறங்கிப் பார்த்தால் டயர் வெடிக்கவில்லை. மேல் ரப்பர் மாத்திரம் வாழைமட்டை உரிந்தமாதிரி முழு நீளத்துக்கும் உரிந்து தொங்கியது, உள்ளே கம்பி வலை மினுங்கியது. டயரைக் கழற்றி மறுபக்கம் புரட்டியபோதுதான் அந்த நான்கு இலக்கத்தைக் கண்டேன். நான் வாங்கும்போதே ஆறு வருஷம் பழசு. அந்தப் பக்கத்தை உள்பக்கமாகப் போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

ஆகவே இதைச் செய்யுங்கள். டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளைத் தேடுங்கள். அந்த வரிசையின் கடைசியில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருஷத்தின் 23ஆம் கிழமை. முழு வரிசை பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். ஒரு பக்கத்தில் காணாவிட்டால் புரட்டிப் பாருங்கள், பூட்டமுதல் பாருங்கள். மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000க்கு முன் செய்தது, தொடவே வேண்டாம்.

ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதிரும். வெயிலும் வெக்கையும் அதை வேகப்படுத்தும். புதிதாக வாங்கும்போது இரண்டு வருஷத்துக்கு மேற்பட்டதை நான் எடுக்கமாட்டேன். ஐந்து வருஷம் கழிந்தால் வருஷத்துக்கு ஒருமுறை ஆளிடம் காட்டுங்கள். பூ எவ்வளவு இருந்தாலும் 10 வருஷத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். எங்கள் வெயிலுக்கு நான் ஏழிலேயே மாற்றிவிடுவேன்.

ஜப்பான் யூஸ்ட் டயர் நல்லம் எண்டு சொல்றாங்களே?

ஜப்பானில் பனிக்காலத்துக்கென்று தனி டயர் போடுவார்கள். பனி முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். அதனால்தான் அரைவாசி தேயாத டயர்கள் கொள்கலன் கொள்கலனாக வெளியே வருகின்றன. சுவரில் ஸ்டட்லெஸ் என்று எழுதியிருக்கும், பூவில் மெல்லிய நெளிநெளிக் கீறல்கள் நெருக்கமாக இருக்கும். உறைபனியிலும் இறுகாமலிருக்க அந்த ரப்பரை மிக மென்மையாகச் செய்கிறார்கள். சல்லியும் தாரும் கொதிக்கிற எங்கள் வீதியில் அது சீக்கிரம் கரையும், பிரேக் மிதித்தால் நிற்க நீண்ட தூரம் எடுக்கும். வேண்டாம். ஜப்பானிலிருந்து புதிதாக இறங்கிய காரில் இதே டயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்த நாட்டு டயர், எந்த பிராண்ட்?

நாட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஜப்பான் பெயர் கொண்ட பல டயர்கள் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் செய்யப்படுகின்றன, அதில் குறையில்லை. எங்கள் நாட்டிலேயே களனியில் செய்யப்படும் சியட் ரேடியல் டயர்கள் இருக்கின்றன. உள்ளூரில் செய்வதால் தேதி பெரும்பாலும் புதிதாகக் கிடைக்கும். எனக்கு அது பெரிய காரணம். பிராண்டில் முதல் தரம் ஆனால் நாலு வருஷம் கடையில் கிடந்தது, நடுத்தரம் ஆனால் போன மாதம் செய்தது என்று இரண்டு இருந்தால் நான் இரண்டாவதை எடுப்பேன்.

சில டயர்களில் டிரெட்வேர் 300, 400 என்று அடித்திருக்கும். கூடினால் மெதுவாகத் தேயும். ஆனால் அந்த எண்ணை ஒரே கொம்பனியின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் பாவிக்கலாம். அதன் பக்கத்தில் டிரக்‌ஷன் என்று இருப்பது நனைந்த தரையில் நிற்கிற தரம்: ஏஏ முதல், பிறகு ஏ, பி, சி. மார்கழி மழையில் ஓடுகிற எங்களுக்கு ஏக்குக் கீழே வேண்டாம்.

ரெண்டு டயர்தான் வாங்கக் காசு இருக்கு. முன்னுக்குப் போடவா, பின்னுக்கா?

பின்னுக்கு. இதில் என்னோடு சண்டை பிடிக்காத வாடிக்கையாளர் குறைவு. “இழுக்கிறது முன் சில்லு, திருப்பிறதும் முன் சில்லு, பிறகேன் பின்னுக்கு?” என்று கேட்பார்கள். வாடைக்காற்று மழையில் வீதியில் தண்ணீர் நிற்கும்போது, முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகும். காலை எடுத்தால் பிடி திரும்பி வரும். பின் டயர் வழுக்கினால் கார் அப்படியே சுழன்று மறுபக்கம் பார்க்கும். அதை மீட்க எங்களில் யாராலும் முடியாது. பழையதில் நல்ல இரண்டை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

பூவின் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பூ தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் மிச்சம் 1.6 மி.மீ.தான். மழைக்கு முன், ஐப்பசி பிறக்கமுதலே பாருங்கள். 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றுகிறவர் புத்திசாலி.

காற்று எவ்வளவு?

சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு. டயரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை அடிக்காதீர்கள். ஜப்பான் ஸ்டிக்கரில் கிலோபாஸ்கல் இருக்கும்: 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 240 என்றால் 35, 250 என்றால் 36. காலையில் ஓடமுதல் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடிக் காட்டும், அதைக் குறைத்துவிட்டால் ஆறியபின் காற்றுப் போதாது.

நைதரசன்?

சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் அதுதான். சும்மா அடித்தால் அடியுங்கள்.

ஸ்பெயார் டயர் இல்லாத கார், பயமில்லையா?

அக்வா, வேகன் ஆர் போன்ற பலவற்றில் ஸ்பெயாருக்குப் பதிலாகச் சிறு காற்றுப் பம்பும் ஒரு போத்தல் பசையும்தான் வரும். அந்தப் பசைக்குக் காலாவதித் தேதி உண்டு. பத்து வருஷக் காரில் அது எப்போதோ முடிந்திருக்கும். புதுப் போத்தல் வாங்கி வையுங்கள், அல்லது அதே அளவு ரிம்மில் ஒரு டயர் ஏற்றி டிக்கியில் வையுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே யானை கடக்கிற காட்டில் இரவில் காரை விட்டு இறங்கி நிற்கவேண்டி வந்தால் அதன் அருமை தெரியும். ஸ்பெயார் உள்ளவர்களும் அதன் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், அதுதான் காரிலேயே கிழட்டு டயராக இருக்கும்.

கடற்கரையில வீடு. எந்தச் சாமான் முதல்ல போகும்?

உப்புக் காற்று முதலில் பிடிப்பது பிரேக் குழாய், பிரேக் கலிப்பரின் ஊசிகள், ஷொக் ஸ்பிரிங் உட்காரும் தட்டு, ரேடியேட்டரின் மெல்லிய செதில்கள், பற்றரி முனை. இரண்டு நாள் நிறுத்திய காரின் டிஸ்க்கில் செம்மண் நிறத்தில் துரு படிந்தால் பயப்படாதீர்கள், நாலு தடவை மிதிக்கப் போய்விடும். கலிப்பர் ஊசி இறுகினால்தான் ஒரு பேட் மட்டும் தேயும். பேட் மாற்றும்போதெல்லாம் ஊசியைக் கழற்றித் துடைத்து அதற்குரிய கிறீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரண கிறீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும்.

மாதத்துக்கு ஒருமுறை காருக்கு அடியில் நல்ல தண்ணீர் அடியுங்கள். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். எங்கள் பக்கத்துத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதைப் பார்க்கிறீர்கள்தானே, அதேதான் எஞ்சினுக்குள்ளும் படியும். கூலன்ட் வாங்கி ஊற்றுங்கள்.

ஹைபிரிட் காருக்கு ஏதும் தனிக் கவனம் வேணுமா?

இரண்டு. ஏசி கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. டொயோட்டா ஹைபிரிட்டுக்கு மின்சாரம் கடத்தாத என்டி 11 ஒயில்தான் போடவேண்டும். சாதாரணக் காரின் ஏசி ஒயிலை ஊற்றினால் கொம்பிரசர் போய்விடும். ஏசிக்காரரிடம் முதலே கேளுங்கள்.

அடுத்தது பற்றரி. மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 செல் கட்டுகள், அக்வாவில் 20. கெட்ட ஒன்றை மாத்திரம் மாற்றித் தந்தால் மலிவுதான், ஆனால் கிழவர்களுக்கு நடுவே ஒரு இளைஞனை நிறுத்தியதுபோல. சில மாதத்தில் அடுத்தது விழும். முழுத் தொகுதியும் அளந்து சமப்படுத்தித் தருகிறவரிடம் போங்கள். பின்சீட்டுக்குப் பக்கத்திலுள்ள பற்றரிக் காற்று வழியின் தூசியை வருஷத்துக்கு ஒருமுறையாவது துடையுங்கள்.

எல்ஈடி பல்ப் போட்டால் வெளிச்சம் கூடுமே?

பழைய கண்ணாடிக் கிண்ண ஹெட்லைட்டுக்குள் எல்ஈடி பல்ப் போட்டால் வெளிச்சம் கூடும், சிதறவும் செய்யும். எதிரே வருகிற சைக்கிள்காரருக்கு வீதியே தெரியாது. மங்கிய ஹெட்லைட்டின் வெளி மூடியைப் பொலிஷ் பண்ணி, நல்ல 60/55 வாட் ஹலோஜன் போடுங்கள்.

கொழும்பில எடுத்தால் மலிவா, இங்கயா?

எஞ்சின், கியர்பொக்ஸ் என்றால் கொழும்பு. அங்கே பத்தில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம். அன்றாடச் சாமானுக்கு இங்கே எடுங்கள். இரவு பஸ்ஸில் பார்சல் போட்டு எடுத்தால் கொஞ்சம் குறையும், ஆனால் பிழையான சாமான் வந்தால் திருப்பி அனுப்பி மறுபடி எடுக்கும்வரை கார் ஜக்கில் நிற்கும். நான் கடைக்காரன் என்பதால் சொல்லவில்லை. மூன்று நாள் கராஜில் கார் கிடந்து ஹயர் இழந்த வான்காரர்களின் கணக்கைக் கேட்டபிறகு சொல்கிறேன்.

எங்கே எடுத்தாலும் பில் கேளுங்கள். அதில் பிராண்ட், பாக இலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றும் இருக்கட்டும். டயர் என்றால் அந்த நான்கு இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். பில் இல்லாமல் முறையிட்டால் பேச்சுத்தான் மிஞ்சும்.

மெக்கானிக்கே சாமானும் எடுத்துப் போடட்டுமா?

நம்பிக்கையான ஆள் என்றால் விடலாம், உங்களுக்கும் அலைச்சல் குறைவு. ஆனால் முதலே சொல்லிவையுங்கள்: புதிதின் பெட்டியும் வேண்டும், கழற்றிய பழசும் வேண்டும் என்று. நல்ல மெக்கானிக் கோபிக்கமாட்டார், தானாகவே எடுத்து வைத்திருப்பார். பழசை அந்தப் பெட்டிக்குள் போட்டு, மேலே தேதியையும் அன்றைய கிலோமீற்றரையும் பேனையால் எழுதி டிக்கியில் வையுங்கள். அடுத்த தடவை கவுண்டருக்கு வரும்போது நான் முதலில் கேட்பது அந்தப் பெட்டியில் இருக்கிற இலக்கத்தைத்தான்.